கனகா குனிந்து நின்ற வாசல்

ஜீவராணி கொரியாக்காரர்களுக்காக அழுத கண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தால், தோட்டத்தில் பைப் தண்ணீர் வராத நாட்களைச் சமாளித்திருக்கலாம் என்பான் அவள் புருஷன் கஜேந்திரன். ஹட்டன் டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறவன் அவன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது என்ன கறி என்று கேட்க மாட்டான், "இன்னைக்கு யாரு செத்தா?" என்றுதான் கேட்பான். யாராவது செத்துத்தான் இருப்பார்கள். அப்படி யாரும் சாகவில்லையென்றால் கதாநாயகனுக்கு ஞாபகம் போயிருக்கும். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தேத்தண்ணி வைக்கப் போவாள்.

நாற்பத்து மூன்று வயதில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் காலை ஏழு மணியிலிருந்து கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் இருபது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பால் கரைத்து, தூங்க வைத்து வருகிறவள் அவள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளுக்கும் யாராவது கதை காட்ட வேண்டாமா?

நாடகங்களைப் பற்றி அவளிடம் தீர்மானமான கருத்துகள் உண்டு. கொரியா மாமியார்கள் நம் மாமியார்களைவிட மோசம், ஆனால் உடுப்பு நன்றாக உடுத்துவார்கள். ஒரே குடைக்குள் ஆணும் பெண்ணும் நடந்தால் குடை யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும், பேசுகிற பேச்சையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தவனுக்குத் தலைமுடி கலையாமல் இருப்பதை அவள் பெரிய மனது வைத்து மன்னித்துவிடுவாள். சோற்றுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அழுதுகொண்டு எழுந்துபோகிற கதாநாயகியை மட்டும் மன்னிக்க மாட்டாள். "சாப்புட்டுட்டு அழு தாயி" என்று டீவியைப் பார்த்துச் சத்தம் போடுவாள். ஒருமுறை நாடகத்தில் அவர்கள் தின்கிற மாதிரியே முட்டைக்கோவாவை நறுக்கி, கொச்சிக்காய்த்தூளும் உப்பும் போட்டு, போத்தலில் அடைத்து மூன்று நாள் வைத்தாள். கஜேந்திரன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, அன்று இரவு கடைச் சாப்பாடு சாப்பிட்டான்.

அவளுக்கு அந்த நாட்டுக்காரர்களைப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ப் படங்களில் யாருக்கும் குளிர்வதில்லை. கொரியாவிலும் ஜப்பானிலும் குளிர்கிறது. காலையில் பேசும்போது வாயிலிருந்து புகை வருகிறது. கையைக் கையோடு தேய்க்கிறார்கள், சூடான கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்கள். மார்கழி மாதத்து மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, அதைப் பார்த்ததும் இவர்கள் நம் பக்கத்து ஆட்கள் என்று பட்டுவிட்டது. அப்படி முதலில் பட்டது நேற்று இன்றல்ல, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டீவியில்.

அந்தப் பழைய டீவியின் பேச்சுத்தான் போன புதன்கிழமை தேடிக்கொண்டு வந்தது. போனில் வந்தவள் தனுஷிகா, நாகலெட்சுமி அக்காவின் மகள். ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். தாயும் மகளும் டவுனிலேயே ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஜீவராணியைச் சித்தி என்று கூப்பிடுவாள். கூடப் பிறந்த முறையில்லை, ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த முறை.

"சித்தி, ஒரு சாமான் கண்டுபுடிச்சிட்டேன். அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்களே, கொடை செய்ற வீட்டுக் கதை, ஒங்க சப்பான் கதை. அது முழுசா கெடக்கு சித்தி! கீழ தமிழ் எழுத்தும் வருது. அம்மா ஒங்களோட உக்காந்துதான் பாப்பாங்களாம். ஞாயித்துக்கெழம வர்றோம். மொதல்ல அந்தக் கேட்டடியில நிக்கிற கதையத்தான் பாக்கணுமாம்."

"வாங்க, வாங்க" என்றாள் ஜீவராணி. போனை வைத்துவிட்டு அப்படியே பலகையில் உட்கார்ந்தாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து தணல் அணைந்த பிறகுதான் எழுந்தாள். நாலு நாள் இருந்தது. நாலு நாளில் கரண்ட் போகலாம், மண் சரிந்து ரோட்டு மூடலாம், தனக்குக் காய்ச்சல் வரலாம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ஆட்ட மறந்து நின்றாள். இருபத்தெட்டு வருஷம் மூடி வைத்த பொய்க்கு யாரோ தமிழில் எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அது என்ன பொய் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

ஜீவராணி பிறந்தது கினிகத்தேனையில். அவளுடைய அப்பா ரோட்டோரமாக ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். சுற்றிச் சிங்களக் குடும்பங்கள். அவள் பாண்டி விளையாடியது, சண்டை போட்டது, மாங்காய் திருடி அகப்பட்டு மன்னிப்புக் கேட்டது எல்லாம் சிங்களத்தில். ஒன்பது வயதில் அப்பா போய்ச் சேர, அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு தன் பிறந்த தோட்டத்துக்கே வந்துவிட்டாள். இங்கே படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆக, சிங்களம் அவள் நாக்கில் இருந்தது, கண்ணில் இல்லை. ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. எல்லாம் வட்ட வட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்ப வந்த உத்தியோகத்தரோடு பத்து வயதுப் பிள்ளை படபடவென்று சிங்களம் பேசியதைப் பார்த்த லயத்துச் சனத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது லயத்துக்கு முதல் டீவி வந்தது. தோட்டத்து லொறியில் வேலை செய்த செல்லசாமி கொண்டுவந்தார். லயத்துக்கு அப்போது கரண்ட் இல்லை. லொறி பெட்டரி ஒன்றை ஹட்டனில் சார்ஜ் பண்ணிக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்தார். ஏரியலை மூங்கிலில் கட்டி, திருப்பிப் பிடிப்பதற்கு ஒருவரைக் கூரையில் ஏற்றினார். டீவி காம்பராவுக்குள் இருந்தது. சனம் முன்திண்ணை இஸ்தோப்பில், வாசலில், படியில், தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் வரைக்கும் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஜப்பான் நாடகம். அவர்கள் பேசியது ஜப்பான் பாஷை. கீழே சிங்கள எழுத்து ஓடியது. சந்தைக்குப் போய்வரச் சிங்களம் தெரிந்தவர்கள் அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

"ஏ ஜீவா, இங்குட்டு முன்னுக்கு வா. ஒனக்குத்தான் சிங்களம் தண்ணியா வருமே. என்ன எழுதியிருக்குன்னு சத்தமா சொல்லு புள்ள" என்றார் செல்லசாமி.

நாற்பது முகம் அவளைப் பார்த்துத் திரும்பியது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்ல அந்த ஒரு நிமிஷம் இருந்தது. பதினைந்து வயதில் நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? இன்றைக்கு மட்டும் சமாளிப்போம் என்று நினைத்தாள். திரையில் ஒரு கிழவர் கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு பெண்ணைப் பார்த்து ஏதோ சொன்னார். பெண் தலையைக் குனிந்தாள். ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்னையப் பெரிய எடத்துல கேட்டு வந்திருக்காங்க மகளே" என்றாள்.

"பாத்தியா, கல்யாணப் பேச்சு" என்றது இஸ்தோப்பு.

அப்படி ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறு பக்கத்து லயத்திலிருந்தும் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது?

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அவள் சும்மா அடித்துவிடவில்லை. முகத்தைப் பார்த்தாள். கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது, யார் யாருக்கு முன்னால் உட்காராமல் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். அதிலிருந்து பேச்சை உண்டாக்கினாள். மாமியாருக்கு ஒரு குரல், புருஷனுக்கு ஒரு குரல், கடன் கேட்க வருகிற மச்சானுக்கு மூக்கால் ஒரு குரல். காகிதக் குடை செய்கிற பெரிய வீடு அது. முற்றம் முழுக்கக் குடைகளை விரித்துக் காயப் போட்டிருப்பார்கள். அந்த வீட்டு மருமகள்தான் கதாநாயகி. அவளுடைய பெயர் ஹனாயே என்று காதில் விழுந்தது. லயத்தில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. இரண்டாவது வாரம் கனகா ஆகிவிட்டாள்.

கனகாவுக்காக அந்த லயம் பட்ட பாடு கொஞ்சமா? பச்சைத் தேத்தண்ணியைப் பாலும் சீனியும் இல்லாமல் சின்னக் கிண்ணத்தில் குடிப்பதைப் பார்த்து, "இம்புட்டுப் பெரிய வீடு, ஒரு பால் டின் வாங்க வக்கில்லையா?" என்றார்கள். ஒரு வாரம் தேயிலை மலை காட்டினார்கள். லயம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. பிறகு, செடியை இவ்வளவு வட்டமாகக் கவ்வாத்து வெட்டியவன் யார் என்று அரை மணி நேரம் விவாதம். கனகாவுக்கு மாமியார் சோறு போடாத வாரம், வேலாயி அக்கா அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியைக் கொண்டுவந்து டீவி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சிரித்தார்கள்தான், ஆனால் அந்த ரொட்டியை யாரும் எடுத்துத் தின்னவில்லை. அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றைக்கும் ஜீவராணிக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே ஆளுக்காக அழுத சாயங்காலம் பிறகு அவள் வாழ்க்கையில் வரவில்லை.

வேலாயியின் மூத்த மகள்தான் நாகலெட்சுமி. அப்போது இருபத்திரண்டு வயது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வீரய்யா என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷத்தில் மூன்றாவது முறையாக, இடது கைமுட்டியில் கட்டோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். விழுந்துவிட்டேன் என்றாள். மூன்று முறையும் விழுந்திருந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வீரய்யாவும் வந்து, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திருப்பி அனுப்புவது என்று முடிவு. யாரும் கெட்டவர்கள் இல்லை. புருஷன் வீட்டுக்குப் போகாத பெண்ணை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால் போ என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஜீவராணி குடத்தோடு நின்றபோது நாகலெட்சுமி அந்தப் பக்கம் குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு, நல்ல கையால் ஜீவராணியின் கையைப் பிடித்தாள்.

"ஜீவா, யார்கிட்டயும் சொல்லிறாத. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா இப்பவே பஸ் ஏத்திருவாங்க."

"போவாதீங்கக்கா" என்று சொல்ல ஜீவராணிக்கு வாய் வந்தது. ஆனால் பெரியவர்கள் பேசி முடித்த விஷயத்தில் பதினைந்து வயதுப் பெட்டை என்ன சொல்வது? குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. நாகலெட்சுமி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுடைய துணி மூட்டை கட்டி வைத்திருந்தது. அன்றைக்குக் கதையில் கனகா தன் தாய்வீட்டிலிருந்து மழையில் நடந்து வந்து, குடை செய்கிற வீட்டின் பெரிய கேட்டுக்கு முன்னால் நின்றாள். மாமியார் உள்ளே படியில் நின்றாள். கனகா இடுப்பை மடித்துக் குனிந்தாள். குனிந்தபடியே பேச ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டரி இறங்கிவிட்டது. படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வந்தது. கேட்டு போனது, மாமியார் போனாள், நடுவில் கனகாவின் குனிந்த தலை மட்டும் மிஞ்சியது.

"என்ன சொல்றா? என்ன சொல்றா புள்ள?" என்று எல்லோரும் பறந்தார்கள்.

எழுத்துக்கூடச் சுருங்கி மறைந்துவிட்டது. ஜீவராணி திரையைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் மடியில் கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். கனகாவின் குரலில் சொன்னாள்.

"மாமி, ஒங்க வாசல்ல நான் குனியிறது இதுதான் கடேசித் தடவ. நான் வேலைக்குப் பயந்தவ இல்ல. அடிக்குத்தான் பயப்புடுறேன். என் வயித்துல உள்ளதுக்கு இந்த வீட்டுச் சத்தம் கேக்க வேணாம். போயிட்டு வாரேன்னு சொல்ல மாட்டேன் மாமி. போறேன்."

டீவி டப்பென்று அணைந்தது. எங்கள் ஆட்கள் யாரும் ஒரு வாசலில் நின்று போறேன் என்று சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள், சண்டை போட்டால் பேசாமல் போவார்கள், ஆனால் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். செல்லசாமிதான் முதலில், "சரியான பொம்பள!" என்றார்.

திங்கட்கிழமை காலை வேலாயி மூட்டையைத் தூக்கினாள். நாகலெட்சுமி அதைப் பிடுங்கிக் கீழே வைத்து அவிழ்த்தாள். "கனகாவே போவல. நான் எதுக்கு போவணும்?" என்று அவள் சொன்னது பத்துக் காம்பராவுக்கும் கேட்டது. ஜீவராணிக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தாள்.

அடுத்த வாரம் அதைவிட மோசம். பெட்டரி நல்ல தெம்போடு வந்திருந்தது. படம் போட்டால், கனகா மாமியார் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். "இது... பழசு. நெனச்சுப் பாக்குறா" என்றாள். அதற்கடுத்த வாரமும் கனகா அங்கேயேதான் இருந்தாள். அதையும் நினைத்துப் பார்த்தாள். பாவம், ஐந்து வாரம் அந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்க வைத்தே காலத்தை ஓட்டினாள் ஜீவராணி. வயிறு ஏன் இன்னும் பெருக்கவில்லை என்று வேலாயி அக்கா ஒருமுறை கேட்டாள். அந்த நாட்டு உடுப்பில் தெரியாது என்று பதில் சொன்னாள். ஆறாவது வாரம் கடவுள் கண் திறந்தார்: டீவிக்குள் ஏதோ கருகி நாற்றம் வந்தது. செல்லசாமி அதைத் திருத்தக் கொடுத்தார். திரும்பி வந்தபோது கதை முடிந்திருந்தது.

நாகலெட்சுமி போகவில்லை. போகாததற்கு அவள் கொடுத்த விலையையும் ஜீவராணி பக்கத்துக் காம்பராவில் இருந்தே பார்த்தாள். வேலாயி எட்டு மாதம் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீரய்யா வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போனான். தனுஷிகா பிறந்தாள். கல்யாண வீடுகளில் நாகலெட்சுமியைப் பின்னால் நில் என்றார்கள். மழையிலும் பனியிலும் கொழுந்தெடுத்து அவள் மகளைப் படிக்க வைத்தாள். பதினேழு வயதில் ஜீவராணி பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாள் அவள் மடியில் வாங்கிய பிள்ளை தனுஷிகாதான். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்றால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பங்கு பார்த்தாள். ஏன் என்று அவளுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயரைக் கேட்டபோது அந்தப் பிள்ளை முழித்த முழி, இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

பிறகு கரண்ட் வந்தது, வீட்டுக்கு வீடு டீவி வந்தது, கொரியாக்காரர்களும் வந்தார்கள். அவர்கள் வாயால் சிங்களம் பேசிக்கொண்டு வந்தார்கள். எழுத்தில்லை, பேச்சு! ஜீவராணி நிம்மதியாக மூச்சு விட்டாள். கேட்டதைக் கேட்டபடி தமிழில் சொன்னாள், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. செய்த பாவத்தைக் கழுவுகிற மாதிரி சொன்னாள். இப்போது அவர்கள் தமிழிலேயே பேசுகிறார்கள். அவள் சொல்வதற்கு எதுவும் இல்லை. கஜேந்திரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா அழுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மண் சரியவில்லை. கரண்டும் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு நாகலெட்சுமியும் தனுஷிகாவும் ஒரு பை மீன் வைத்த மாலு பணிஸோடு வந்து இறங்கினார்கள். கஜேந்திரன் ஹயர் போயிருந்தான். நாகலெட்சுமிக்கு ஐம்பது வயது. முடி பாதி நரைத்திருந்தது, நடை மட்டும் கொழுந்துக்காரியின் நடைதான். தனுஷிகா தன் போனை டீவியோடு இணைத்து, அந்தக் கேட்டடிக் கதையைத் தேடி வைத்தாள்.

"சித்தி, தமிழ் எழுத்து கொஞ்சம் கோணலாத்தான் வரும், வெளங்கிக்கலாம். எனக்கு மூணு மணிக்கு டியூட்டி, போன் இங்கயே இருக்கட்டும். அம்மா, ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துருங்க. நான் போயிட்டு வாரேன்."

அவள் போனதும் நாகலெட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாயில் உட்கார்ந்தாள். கதிரை வேண்டாம் என்றாள். "அன்னைக்கு மாதிரி இருக்கணும்." பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "வா, இப்புடி வா. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. புள்ள வாசிச்சுக் காட்டுறேன்னுச்சு. வேணாம், எங்க ஜீவா இருக்கான்னுட்டேன். நீயே சொல்லு."

நாலு நாளும் ஜீவராணி பயந்தது தமிழ் எழுத்துக்கு. நாகலெட்சுமி அக்கா பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள் என்பது எப்படி மறந்துபோயிற்று? இப்போதும் அவள் வாய்தான். வாசிக்கத் தெரியாத அன்றைக்கு என்ன சொன்னாளோ, வாசிக்கத் தெரிந்த இன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

படம் ஓடியது. மழையில் கனகா நடந்து வந்தாள். கறுப்பு வெள்ளையில் சாம்பலாக இருந்த அவளுடைய குடை சிவப்பாம். இருவருக்குமே இப்போதுதான் தெரிந்தது. "செவப்பாடி அது!" என்று நாகலெட்சுமி சின்னப் பிள்ளையாகக் கையைத் தட்டினாள். கேட்டு வந்தது. மாமியார் வந்தாள். கனகா குனிந்தாள். கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது.

"சொல்லுடி."

ஜீவராணி ரிமோட்டை அழுத்தினாள். கனகா குனிந்தபடி நின்றுவிட்டாள்.

"அக்கா, எனக்கு அன்னைக்குச் சிங்கள எழுத்துத் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. பேசத்தான் தெரியும்."

நாகலெட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னது பூராவும் நானா சொன்னது. மொத வாரத்துல இருந்தே. இதுல அவ என்ன சொல்றான்னா..." எழுத்தைப் பார்த்து, குரலை மாற்றாமல், பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி வாசித்தாள். "நான் தவறு செய்துவிட்டேன். தயவுசெய்து என்னை மீண்டும் உள்ளே அனுமதியுங்கள். இனி வாய் திறக்க மாட்டேன்."

நாகலெட்சுமி கனகாவின் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ முழுகாம இருந்தாளா?"

"இல்லக்கா."

"வயித்துல உள்ளதுன்னு சொன்னியே. சப்பான்காரிக்கும் என்னைய மாதிரியேதானான்னு எனக்கு மேலெல்லாம் நடுங்கிப்போச்சு. அப்ப நீ சொன்னது யாரை?"

ஜீவராணி, "தனுஷிகாவ" என்றாள்.

நாகலெட்சுமி எழுந்தாள். வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். செருப்பு அவள் காலடியில்தான் கிடந்தது. இப்போது அதை மாட்டிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் இறங்கிவிடுவாள் என்று ஜீவராணி நினைத்தாள். கொரியாக்காரர்களுக்கு ஊற்றாக வருகிற கண்ணீர் இப்போது ஒரு சொட்டு வரவில்லை. பயத்தில் கண் காய்ந்து எரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து நாகலெட்சுமி திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ம், போடு. என்ன செய்றான்னு பாப்போம்."

கனகா குனிந்தே நின்றாள். கேட்டு திறந்தது. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். கனகா நிமிராமலே அவள் பின்னால் போனாள். சிவப்புக் குடை வெளியே சேற்றில் கிடந்தது. கேட்டு மூடியது.

"பாவம்டி கனகா" என்றாள் நாகலெட்சுமி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அவளுக்குப் பக்கத்துல ஒருத்தருமே இல்லாமப் போச்சு பாத்தியா. எனக்கு அந்த லயத்துல பெரிய மனுசன்லருந்து பெத்தவ வரைக்கும் போ போன்னாங்க. போவாதன்னு ஒரு வாய்தான் சொல்லுச்சு. அது அவ வாயின்னு இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

ஜீவராணி அழுதாள். எந்த நாடகத்துக்கும் அழாத மாதிரி, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதாள். நாகலெட்சுமி அவளை அழ விட்டாள். பிறகு முழங்கையால் இடித்தாள்.

"போதும், கண்ணத் தொட. திருப்பி அந்தக் கேட்டடிக்குக் கொண்டு போ. எழுத்த அமத்து. நீ சொல்லு."

ஜீவராணி எழுத்தை அணைத்தாள். மழையில் கனகா மறுபடியும் சிவப்புக் குடையோடு நடந்து வந்தாள், மறுபடியும் குனிந்தாள். ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். முதல் வார்த்தை உடைந்து வந்தது, பிறகு அந்தப் பழைய குரல் தானாகப் பிடித்துக்கொண்டது.

"மாமி, ஒங்க வாசல்ல நான் குனியிறது இதுதான் கடேசித் தடவ. நான் வேலைக்குப் பயந்தவ இல்ல. அடிக்குத்தான் பயப்புடுறேன். என் வயித்துல உள்ளதுக்கு இந்த வீட்டுச் சத்தம் கேக்க வேணாம். போயிட்டு வாரேன்னு..."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி, மூடிக்கிடந்த கேட்டைப் பார்த்து மிச்சத்தைச் சொன்னாள்.

"சொல்ல மாட்டேன் மாமி. போறேன்."